அந்தக் கல்லில் பெயர் இருக்கவில்லை

மகன், அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் இப்போது வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவை முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறோமே, பிறகு உம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். இந்த விஷயத்தை நான் போனில் தொடங்கியபோதெல்லாம் நீ வேறு பேச்சுக்கு மாற்றினாய். கடைசித் தடவை நானே மாற்றிவிட்டேன். எனக்கு நின்று வாதாட வராது. வேலை செய்கிற கந்தோரில் கூட்டம் என்றால் கடைசிக் கதிரையில் இருந்து, கேட்டதற்கு மட்டும் தலையாட்டிவிட்டு வருகிறவள் நான். எழுதும்போதுதான் என் வசனங்கள் முடிவு வரை போகும். மற்றவர்களும் வாசிக்கும்படி எழுதுகிறேன். ஏனென்றால் இது உன்னையும் என்னையும் மட்டும் சேர்ந்த விஷயமாக இப்போது இல்லை. பயப்படாதே, யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. சிலாவத்துறையைத் தாண்டிக் கடலோரமாக உள்ள ஊர்களில் ஒன்று என்பதற்கு மேல் ஊரைப் பற்றியும் சொல்லப்போவதில்லை. அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் கண்டுகொள்ளட்டும். அவர்களும் நம்பப்போவதில்லை.

என் உம்மா மௌத்தானபோது எனக்கு ஏழு வயது. இரண்டாவது பிள்ளையைப் பெறும்போது போனார். பிள்ளையும் அவரோடு போய்விட்டது. அப்போது அவருக்கு உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். உம்மம்மா என்று நீ சொல்லும்போது நரைத்த ஒருவரை நினைத்துக்கொள்கிறாய் போலும். எனக்கு ஞாபகத்தில் இருப்பது கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரக் கூந்தலைத் துவாயால் அடித்து உதறுகிற ஓர் இளம் பெண். அந்தத் தண்ணீர் என் முகத்தில் தெறிக்கும். நான் சிணுங்கினால் இன்னும் ஒரு தரம் வேண்டுமென்றே உதறுவார். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் வாசல் வரைதான் போனேன். நம் பக்கத்தில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. சின்னப் பிள்ளையென்றாலும் பெண் பிள்ளை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வாப்பா என்னைக் கையில் பிடித்து வீதியால் கூட்டிக்கொண்டு போய், இடுப்பளவு உயரமான மதிலுக்கு வெளியே நிறுத்தி, "அந்தா, மூண்டு கல்லு நிக்குதே, நடுவில குட்டையா ஒண்டு. அதுதான் உம்மா" என்று காட்டினார்.

உனக்குத் தெரிந்ததுதான், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கப்று என்கிற அடக்கக் குழியின் மேல் நடுகிற கல்லை மீசான் என்போம். நம் ஊரில் ஆணுக்கு இரண்டு: தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. பெண்ணுக்கு நடுவில் இன்னொன்று சேர்த்து மூன்று. ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. உம்மாவுக்கு நட்ட மூன்றும் முருகைக்கல், கடலடிப் பவளப் பாறை. வாப்பா சங்குக்குச் சுழியோடுகிறவர். கடலிலிருந்து தானே கொண்டுவந்த கல்லை வீட்டு முற்றத்தில் வைத்து வாளால் அறுத்தார். முருகைக்கல் ஈரத்தில் பனங்கட்டி மாதிரி அறுபடும், காய்ந்தால் இறுகிவிடும். நான் பக்கத்தில் குந்தியிருந்து விழுகிற தூளைக் கையால் கூட்டி விளையாடினேன். அந்தக் கற்களில் வாப்பா ஒன்றும் எழுதவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலும் பெருவிரலைத்தான் வைத்தார். படித்து எழுதிக் கொடுக்கக்கூடிய ஆட்கள் ஊரில் இருந்தார்கள். வாப்பா கேட்கவில்லை. கல் மூன்றையும் ஒரு சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக் கொண்டுபோய் நட்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்த மதிலோரமாக நடந்தேன். நின்று பார்த்ததில்லை. நின்றால் யாராவது கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நடந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். நடுக்கல் கடல் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. மழைக்குப் பிறகு இன்னும் சாய்ந்தது. பிறகு தொண்ணூறில், யுத்தத்துக்குள், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். கட்டிய துணியோடு புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்து படித்தேன், நம் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் எடுத்தேன், உன் வாப்பாவைக் கட்டினேன், உன்னைப் பெற்றேன். என் வாப்பா அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடக்கமானார். கண்ணை மூடுகிற வரைக்கும் ஊருக்குப் போனால் கல்லை நிமிர்த்தி வைக்க வேண்டும், அது சாய்ந்து கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே வீடே விழுந்து கிடந்திருக்கும். அவருக்குக் கல்தான்.

யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பி வரத் தொடங்கியபோது மையவாடி இருந்த இடம் உடைமரக் காடாகக் கிடந்ததாம். மதில் இல்லை. பிறகு வீதியை அகலமாக்கித் தார்க் காப்பெட் போட்டார்கள், புது மதிலை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். வீதி அங்கே வளைந்து போவதால் வீதியோரமாக இருந்த வரிசையில் இரண்டு முனையும் தாருக்கடியில் போய்விட்டன. ஆனால் அதற்கெல்லாம் முதலே ஒரு காரியம் நடந்துவிட்டது. நமக்கு முன்னால் வந்து குடியேறிய ஆண்கள் ஒரு சிரமதானம் வைத்து மையவாடியைத் துப்புரவாக்கினார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தார்கள். அதில் பாதிப்பேர் முகாமிலே பிறந்து வளர்ந்த பொடியன்கள். முகாமில் யாருக்கும் கல் கிடையாது, மரக்கட்டைதான், அதுவும் இரண்டுதான். அவர்கள் பற்றையை வெட்டிக்கொண்டு போகும்போது சில கப்றுகளில் தலைக்கல் இல்லை, சிலதில் கால்கல் இல்லை, சிலதில் நடுவில் ஒரு குட்டைக் கல் நின்றது. நடுவில் நின்றதை எங்கேயோ இருந்து விழுந்து புதைந்த கல் என்று நினைத்தார்கள். பிடுங்க வந்ததைப் பிடுங்கினார்கள், வராததை அலவாங்கால் தட்டி உடைத்தார்கள், குறைந்த இடத்திலெல்லாம் கொண்டுபோய் நட்டார்கள். கம்பித் தூரிகையால் உரஞ்சினார்கள். கழிவறைக்குப் பாவிக்கிற அசிட்டை ஊற்றினார்கள். கல் பொங்கி நுரைத்ததைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டார்களாம். கடைசியில் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தார்கள். அன்று மாலை மையவாடி பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல அழகாக இருந்ததாம். ஒவ்வொரு கப்றுக்கும் இரண்டு கல். ஒரு பெண்கூட மிச்சமில்லை.

இதை நான் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் வாயால்தான் கேட்டேன். அவரும் அன்று அலவாங்கு பிடித்தவர். "சத்தியமா மகள், ஒருத்தருக்கும் அந்த நினைப்பு வரேல்ல. வயசாளி ஒருத்தர் ரெண்டு மாசம் கழிச்சு வந்து பாத்திட்டு, ஏண்டா எங்கட பொம்பிளையள் எல்லாரையும் ஆம்பிளையாக்கி வச்சிருக்கிறீங்க எண்டு கேட்டாப் பிறகுதான் நெஞ்சில கைய வச்சம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிக்காமல் சொல்ல அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த மாதங்களில் இதையெல்லாம் உனக்குச் சொன்னேன். அடுத்த நாள் வாளியும் தும்புக் கட்டும் பழைய பல் தூரிகையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாய். நான் குடையோடு மதிலுக்கு வெளியே வந்து நின்றேன். அந்த மாதங்களை நான் நினைக்காத நாள் இல்லை. நீ உள்ளே குந்தியிருந்து கல்லைத் துலக்குவாய். நான் வெளியே நின்று, அது இல்லை, இன்னும் கடல் பக்கம், அதற்குப் பின்னால் என்று சொல்லுவேன். "உம்மா, சத்தமாச் சொல்லுங்கோ, காத்தில ஒண்டும் விளங்கேல்ல!" என்பாய். "சத்தமாச் சொன்னா ஊருக்கே கேக்கும்" என்பேன். "கேக்கட்டும், ஊருக்கும் தெரியாதுதானே!" என்று நீ கத்துவாய். மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஒருவர் ஒவ்வொரு நாளும் வேகத்தைக் குறைத்து, "என்ன மிஸ், மகனை மேய விட்டிருக்கிறீங்களோ? இண்டைக்குப் புல்லு எப்பிடி?" என்று கேட்டுவிட்டுப் போவார். எனக்கு முகம் சூடாகும். உன் வாப்பா மட்டும் வீட்டில், "உயிரோட இருக்கிற எனக்கு முதுகு தேய்க்க ஆளில்லை, அங்க கல்லுக்கு நடக்குது குளிப்பாட்டு" என்று முணுமுணுப்பார். ஆனால் வாளி ஓட்டையானபோது புது வாளி வாங்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

நீ அந்த வேலையைக் கவனமாகச் செய்தாய். போனில் வீடியோ பார்த்து, அசிட் கூடாது, கம்பி கூடாது, உப்பு இல்லாத தண்ணீரும் தும்பும் போதும் என்று கண்டுபிடித்தாய். வெள்ளைப் பூச்சை மூங்கில் சிராயால் சுரண்டி எடுத்தாய். கல்லின் முகம் சீனி உதிர்வதுபோல உதிர்ந்தால் அதோடு நிறுத்திக்கொண்டாய். எழுத்து இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொன்னாய். கல்லை முழுதாக நனைத்துவிட்டுக் காத்திருந்தால் மேற்பரப்பு முதலில் காயும், வெட்டுக்குள் இருக்கிற ஈரம் கடைசியாகக் காயும், அந்த இடைவெளியில் மட்டும் எழுத்துக் கறுப்பாகத் தெரியும் என்றாய். அப்படி எத்தனையோ பெயர்களை எடுத்தாய். அரபெழுத்தில் சில, தமிழில் சில. அந்தக் குடும்பங்களைத் தேடிப் போய்ச் சொன்னாய். ஒரு வீட்டில் உனக்கு ஆட்டுக்கறியோடு சோறு போட்டார்கள்.

பெயர் தெரிகிறதா பார் என்று நானும் ஒவ்வொரு கல்லுக்கும் கேட்டேன். நான் எதற்குக் கேட்டேன் என்பதை நீ வேறு மாதிரி விளங்கிக்கொண்டாய். பெயர் உள்ள கல் நம்முடையதல்ல என்று கழித்துக்கொண்டு வருவதற்காகத்தான் நான் கேட்டேன். நம்முடையதில் பெயர் இருக்கும், அது ஒரு நாள் தெரியும் என்று நீ நினைத்தாய். உன் காலத்தில் எல்லோருக்கும் எழுதத் தெரியும். கல் என்றால் பெயர் இருக்கும் என்பது உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லாத ஒன்று. பெயரே இல்லை என்பது எனக்கும் அப்படித்தான். ஒரே மதிலின் இரண்டு பக்கத்திலும் நின்று மாதக்கணக்காக இரண்டு வெவ்வேறு கற்களைத் தேடியிருக்கிறோம்.

பெயரில்லாதவை நிறைய மிஞ்சின. பிடுங்க வராமல் உடைத்த நடுக்கற்களின் அடித்துண்டு மண்ணுக்குள் இருக்கும் என்று அப்போது நீதான் யோசித்தாய். மெல்லிய கம்பி இறக்கிப் பார்க்கலாமா என்று மோதினாரிடம் கேட்டாய். "ஒரு சாணுக்கு மேல இறக்காதீங்கோ, தம்பி. நித்திரை கொள்ளுற ஆக்கள்" என்று சொல்லி விட்டார். மெல்லிய கம்பியால் வீதியோர வரிசை முழுவதையும் தட்டிப் பார்த்தாய். ஐந்து கப்றுகளில் நடுவே கம்பி கல்லில் முட்டியது. ஐந்து பெண்கள். நீ ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு மதிலை நோக்கி ஓடி வந்தாய், நான் வெட்கத்தை விட்டு வீதியில் நின்று சத்தமாகச் சிரித்தேன். ஆனால் அந்த வரிசையில் ஒன்பது பத்துப் பெண்களாவது இருந்தார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். முழுதாகப் பிடுங்கிய நடுக்கல்லுக்கு அடித்துண்டு இருக்காது. முனைகள் தாருக்கடியில். உம்மா அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்கு மேல் ஒரு கல்லும் சொல்லாது. அன்று இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது. நீ வாளியைக் கவிழ்த்துவிட்டு அதன் மேல் கன நேரம் இருந்தாய். அதோடு விட்டிருக்கலாம்.

உன் விசா வந்தது. புறப்படுவதற்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு முழங்கை வரை சீமெந்தோடு வீட்டுக்குள் வந்தாய். "உம்மா, இருங்கோ. முதல்ல இருங்கோ" என்று என்னைக் கதிரையில் இருத்திவிட்டுப் போனை நீட்டினாய். "உம்மம்மா கிடைச்சிட்டா." படத்தில் ஒரு கப்று, தலைமாட்டில் வெள்ளை மாபிள் பலகை, அதில் வெட்டிய எழுத்தில் என் உம்மாவின் பெயர், நடுவில் புதிதாக ஒரு குட்டைக் கல், நிமிர்ந்து நின்றது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இண்டைக்குக் காலமை நனைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டன் உம்மா. காயேக்க பேர் அப்பிடியே எழும்பி வந்திச்சு. முழுசா இல்ல, ஆனா உம்மம்மாவின்ர பேர்தான்." உன் வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் அழுதேன். நீ என் தலையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாய். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தாய். மன்னார் டவுனில் அப்படி ஒரு பலகை வெட்டக் கொடுத்தால் ஒரு கிழமைக்கு மேலே எடுப்பார்கள், மகன். அன்று வாசித்த பெயருக்கு அன்றே பலகை இருந்தது. அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த நாள் விமானத்துக்குப் போகிற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வேன்? நீ சிரித்த முகத்தோடு போனாய். உன்னை அப்படி அனுப்ப முடிந்ததே என்று ஒரு கிழமை வரை நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். உனக்கும் எனக்கும் இடையில் இருக்கிற ஒரு பொய், அன்பால் சொன்ன பொய், யாருக்கு என்ன கெட்டது என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை முடியும்போது எதிர்வீட்டு ராத்தா, எனக்கு அக்கா முறை, ஓடி வந்தார். அவருடைய உம்மாவும் என் உம்மாவும் ஒரே மாதத்தில் மௌத்தானவர்கள். "உங்கட உம்மாக்குக் கடல் பக்கமா எங்கட உம்மா எண்டு வாப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அப்ப உன்ர மகன் வச்ச கல்லுக்கு அங்கால இருக்கிறதுதானே, புள்ள? அதுக்கும் நடுக்கல்லு முட்டினதாமே?" என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீ ஒண்டும் சொல்லத் தேவையில்ல, எனக்கு விளங்கீட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதம் முடிவதற்குள் அவருடைய நானாமார், கூடப்பிறந்த அண்ணன்மார், பலகை வைத்துவிட்டார்கள். அவருடைய உம்மாவுக்கு இரண்டு கப்று தள்ளித் தன் மாமி என்று இன்னொரு வீட்டில் எண்ணினார்கள். அந்த மாமியிலிருந்து இன்னொருவர் எண்ணினார். நீ வைத்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு வரிசை முழுவதும் பெயர் ஏறிக்கொண்டு வந்தது. இப்போது பின்னேரங்களில் மதிலுக்கு வெளியே பெண்கள் வந்து நிற்கிறார்கள். முன்பு நான் ஒருத்திதான் நின்றேன். ஒவ்வொருவரும் தன் தன் கல்லுக்கு நேரே நின்று கையேந்துகிறார்கள். என்னையும் இழுத்துக் கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்துகிறார்கள். இதுதான் உன் இடம் என்கிறார்கள்.

அதன் பிறகுதான் நான் சொல்லத் தொடங்கினேன். நம்பு, என்னால் முடிந்த அளவு சொன்னேன். முதலில் ராத்தாவிடம் போனேன். "ராத்தா, அந்தக் கல்லில பேர் இருக்கேல்ல. வாப்பாக்கு எழுதத் தெரியாது" என்றேன். "வேற ஆரும் எழுதிக் குடுத்திருப்பினம்" என்றார். "நான் பக்கத்தில இருந்தனான்" என்றேன். "ஏழு வயசில உனக்கு என்ன தெரியும்?" பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பெத்த மகன் பொய் சொன்னவனெண்டு ஒரு உம்மா சொல்லலாமா? அவன் அங்க வெயிலில காயிறான்" என்றார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். எழும்பும்போதுதான் சொன்னார்: "நான் இவ்வளவு காலமும் காத்தைப் பாத்துத்தான் ஓதினனான். இப்பதான் ஒரு இடத்தைப் பாத்து ஓதுறன். அதையும் எடுத்துக்கொண்டு போகவா வந்தனீ?" நான் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன், மகன். கையில் அதற்குப் பதிலாகக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

மோதினார் நான் சொன்னதை நம்பினார். அவர் ஒருவர்தான் நம்பினார். "எனக்கும் சந்தேகம் இருந்ததுதான் மகள். பொடியன் காலமைதான் தண்ணி ஊத்தினவன், பலகை அதுக்கு முதலே சாக்குக்குள்ள இருந்தது. கண்டனான்." பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "ஒருக்காப் பிடுங்கித்தான் இவ்வளவும். இனி என்ர கையால ஒண்டும் பிடுங்கமாட்டன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக உன்னிடம் கேட்டேன். நீ முதலில் சிரித்தாய், பிறகு பேச்சை மாற்றினாய், பிறகு, "எல்லாரும் சந்தோஷமா இருக்கினம், உங்களுக்கு மட்டும் என்ன உம்மா?" என்றாய். நான் விடவில்லை. கல்லில் எழுத்தே இருக்கவில்லை என்றேன். அதற்கு நீ சொன்னாய்: "நீங்க ஒரு நாளும் உள்ள போகேல்லயே, உம்மா."

அது உண்மை. நான் உள்ளே போனதில்லை. அந்த மையவாடியில் எந்தக் கல் எப்படி நின்றது, எது சாய்ந்தது, எது எப்போது சாய்ந்தது என்று இந்த ஊரில் என்னைவிடப் பார்த்தவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் பார்த்தது வீதியிலிருந்து. நீ உள்ளே போனவன், ஆண் பிள்ளை, கல்லைத் தொட்டவன். உன் சொல்லுக்கு எதிரே என் சொல் நிற்காது என்பதை ராத்தா தெரிந்து வைத்திருந்தார், பள்ளிவாசல் நிருவாகமும் தெரிந்து வைத்திருந்தது. நீயும் தெரிந்து வைத்திருக்கிறாய் என்பதை அன்றுதான் கண்டேன். உன்னோடு கோபம் இல்லை. உண்மையாகவே இல்லை. என்னை அழாமல் வைத்திருக்க வேண்டும் என்று நீ நினைத்தாய். அந்த நினைப்பில் ஒரு குறையும் இல்லை.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த லீவில் உனக்கு நிக்காஹ். வரப்போகிற பிள்ளையும் ஒரு நாள் உன்னிடம் பதிலில்லாத ஒன்றைக் கேட்டு அழுவாள். ஒரு பிள்ளை தங்காமல் போகலாம், அவளுடைய வாப்பாவுக்கு நோய் வருத்தம் வரலாம், எதுவென்று எனக்குத் தெரியாது. அப்போது உனக்குக் கை பரபரக்கும். எதையாவது கொண்டுவந்து அவள் கையில் வைக்க வேண்டும்போல இருக்கும். வைக்காதே. தெரியாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இரு. அன்றைக்கு நீ வாளியைக் கவிழ்த்து அதன் மேல் பேசாமல் இருந்தாயே, நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேனே, அந்தப் பின்னேரத்தில் எனக்கு உன்னிடம் கேட்க வேறொன்றும் இருக்கவில்லை. உம்மா கிடைக்கமாட்டார் என்று தெரிந்துகொண்டு, அதைத் தெரிந்த இன்னொருவரோடு நின்றேன். அது எவ்வளவு பெரிய துணை என்று நீ மாபிள் பலகை கொண்டுவந்த பிறகுதான் விளங்கியது. இப்போது நான் மட்டும்தான் அவரைத் தொலைத்தவள். மற்ற எல்லோருக்கும் அவர் கிடைத்துவிட்டார்.

நீ நிருவாகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள் என்று ஒரு காலம் நம்பினேன். இப்போது அதுவும் இல்லை. நீ சொன்னாலும் அந்தப் பெண்கள் விடமாட்டார்கள். ராத்தாவின் கையிலிருந்து அந்த இடத்தைப் பிடுங்க எனக்கும் இனி மனம் வராது. ஐந்தாவது கப்றுக்குச் சொந்தக்காரர்கள் புத்தளத்திலிருந்து போன கிழமை வான் பிடித்து வந்து பலகை வைத்துவிட்டுப் போனார்கள். பெயரில்லாத பெண் ஒருத்தியாவது அந்த வரிசையில் மிஞ்சியிருந்தாள், நான் ஓதும்போது கண் தன்பாட்டில் அங்கே போகும். அவராக இருக்கும் என்று இல்லை. யார் என்று தெரியாத ஒருவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான். இப்போது அந்த இடமும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் நிருவாகச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். பெருநாளைக்கு முதல் மையவாடிக்கு மறுபடி வெள்ளை அடிக்கப்போகிறார்களாம். பலகைகளில் வெட்டிய எழுத்துக்குள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பெயிண்ட் போடப் போகிறார்களாம். மகன்தான் முதலில் வைத்தவன் என்பதால் என்னைக் கேட்டுத்தான் நிறம் எடுப்பது என்று கூட்டத்தில் முடிவாம். "கறுப்போ பச்சையோ, மிஸ்? நீங்க சொல்லுறதுதான்" என்றார். உன் வாப்பா கதவடியில் நின்று என்னைப் பார்த்தார். சொல்வதற்கு எனக்கு அது கடைசிச் சந்தர்ப்பமாக இருந்திருக்கலாம். செயலாளர் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார், அவருக்கு மஃரிப் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

கறுப்பு என்றேன்.

"அதுதான் நல்லம். கறுப்பெண்டா ரோட்டில நிண்டே வாசிக்கலாம். உங்களுக்கும் வசதி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உம்மா